சேர்ந்து ஓடுவோம்: குமரி மாவட்ட ஓட்டக் குழுக்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் நாலைந்து பேராக ஓடத் தொடங்கி, அது பதினைந்து இருபது பேராக வளர்ந்ததும் சிக்கல்கள் வரும். வேகம் ஒத்துவராது, ஒருவர் பின்தங்குவார், இருவர் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்துவார்கள். ஒற்றுமை நல்ல மனத்தால் மட்டும் நிற்பதில்லை, ஏற்பாட்டால் நிற்கிறது. அந்த ஏற்பாடுகள் பற்றித்தான் இங்கே.

தனியாகவே ஓடலாமே, குழு எதற்கு?

ஓடலாம். ஆனால் ஜூலை மழையில் நாலே முக்காலுக்கு அலாரம் அடிக்கும்போது, வடசேரியில் ஒருவர் நமக்காகக் காத்து நிற்கிறார் என்ற நினைப்பு இல்லாவிட்டால் போர்வைதான் ஜெயிக்கும். இன்னொரு காரணம், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் உடம்புக்கும் பெரும்பாலான நாட்களுக்கு ஏற்ற வேகம். தனியாக ஓடுபவர் தினமும் மூச்சுமுட்ட ஓடி இரண்டு மாதத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதைப் பார்க்கலாம்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகம். எப்படிச் சேர்ந்து ஓடுவது?

குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கணக்கைப் பாருங்கள். ஒருவர் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், இன்னொருவர் 8 நிமிடம். 8 கி.மீ. ஓடினால் முன்னவர் 48 நிமிடத்தில் முடிப்பார், பின்னவர் 64 நிமிடத்தில். பதினாறு நிமிடம் ஈர உடையோடு காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. மெதுவாக வருபவரும் கூனிக்குறுகித்தான் வந்து சேர்வார். ‘எல்லாரும் ஒரே வேகத்தில் போவோம்’ என்று சொல்லிப் பார்த்தால் இரண்டு கிலோமீட்டர்கூடத் தாங்காது.

சுலபமான வழி, தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடிப்பது. எல்லாரும் ஒரே இடத்தில் புறப்படுங்கள். இருபதாவது நிமிடத்தில் யார் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். 6 நிமிட ஆள் 3.3 கி.மீ. போயிருப்பார், 8 நிமிட ஆள் 2.5 கி.மீ. போயிருப்பார். போன வேகத்திலேயே திரும்பினால் நாற்பதாவது நிமிடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுவார்கள். திரும்பி வரும்போது முன்னே போனவர், போகும்போது பின்தங்கியவரைத் துரத்துவது தனிச் சுவாரசியம். இதில் கெடுவது ஒன்றுதான்: போகும்போது ஆர்வத்தில் வேகமாகப் போய், வரும்போது நடந்து வருவது. அப்படி இரண்டு முறை நடந்தால், அந்த ஆள் புறப்படும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

ஓடுதளத்தில் 400 மீட்டர் சுற்று என்றால் சிக்கலே இல்லை. மேலே சொன்ன இருவரில் வேகமானவர் நாலு சுற்று முடிக்கும்போது மற்றவர் மூன்று முடித்திருப்பார். அதாவது 9 நிமிடம் 36 விநாடிக்கு ஒருமுறை இருவரும் சந்திப்பார்கள். யாரும் யாரையும் விட்டுப் போன மாதிரி தெரியாது. முதல்முறை வருபவர்களை ஓடுதளத்துக்கு அழைப்பதே நல்லது.

மூன்றாவது வழி, மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளும் விளையாட்டு. 5 கி.மீ.க்கு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். 45 நிமிட ஆள் 6 மணிக்குப் புறப்படட்டும். 37 நிமிட ஆள் 6.08-க்கு, 30 நிமிட ஆள் 6.15-க்கு, 26 நிமிட ஆள் 6.19-க்கு. கணக்கு சரியாக இருந்தால் 6.45-ஐ ஒட்டி எல்லாரும் ஒரே கும்பலாக முடிவுக்கோட்டுக்கு வருவார்கள். வழக்கமாகக் கடைசியில் வருபவர் முதலில் வர நிஜமான வாய்ப்பு இருக்கும் ஓட்டம் இது ஒன்றுதான். நேரத்தைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றுபவர்கள் இருப்பார்கள். போன மாத நேரத்தைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைத்து ஓடினால் அன்றைய டீச்செலவு அவருடையது என்று வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

கடைசியில் வருபவருடன் யார் ஓடுவது?

ஒவ்வொரு நாளும் ஒருவர் ‘பின்காவல்’. முதல் நாள் இரவே பெயர் தெரிந்திருக்க வேண்டும். லண்டன் புஷி பூங்காவில் 2004-ல் 13 பேருடன் தொடங்கி இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பார்க்ரன் 5 கி.மீ. ஓட்டத்திலும் கடைசியில் வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். ஓட வந்தவர் யாரும் கடைசி ஆள் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

பின்காவலிடம் சார்ஜ் உள்ள போன், விசில், அரை லிட்டர் தண்ணீர், இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம், ஒரு சுருட்டுக் கட்டுத்துணி, டீக்கடைக்கு நூறு ரூபாய் இருந்தால் போதும். இரண்டு விசில் என்றால் முன்னால் போகிறவர்கள் நிற்க வேண்டும்.

வேகமாக ஓடுபவர் பின்காவலாக வந்தால் ஒரு பழக்கத்தை விட வேண்டும். பக்கத்தில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு அரையடி முன்னாலேயே போய்க்கொண்டிருப்பார். பின்னால் வருபவர் அந்த அரையடியை எட்டிப் பிடிக்கப் பார்த்து மூச்சு வாங்குவார். தோளுக்குத் தோள், இல்லையென்றால் அரையடி பின்னால். பேச்சையும் அவரே தொடங்கட்டும். ‘இன்னும் கொஞ்சம்தான், வேகமா வா’ என்பது உற்சாகப்படுத்துவதாகாது. ‘பைய வா மக்கா, நேரம் கிடக்கு’ என்றால் ஆள் தானாக வந்து சேர்வார்.

சுற்றுமுறையில் எல்லாரும் இந்த வேலையைச் செய்ய வேண்டும். நல்லவர் ஒருவர் தலையிலேயே கட்டினால் ஆறு மாதத்தில் அவரும் வரமாட்டார்.

புதிதாக வருபவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

பெயரும் ஊரும் கேளுங்கள். நம் மாவட்டத்தில் ‘எந்த ஊரு?’ என்பது இயல்பான கேள்வி. அதற்கு அடுத்து வரும் கேள்விகளை, எந்தக் கோயில், எந்த ஆலயம், யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம், ஓடுகிற இடத்தில் கேட்காதீர்கள். வயதில் மூத்தவர் அண்ணாச்சி, அக்கா. பள்ளியில் பாடம் எடுப்பவர் வழக்கம்போல் சார், டீச்சர். அதிகாரி, டாக்டர், வக்கீல் எல்லாம் ஷூ கயிறு கட்டும்வரைதான்.

ஓடியே பழக்கமில்லாதவருக்கு முதல் இரண்டு வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று பத்து முறை. வாரத்துக்கு மூன்று நாள் போதும். அடுத்து 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. பிறகு 5-க்கு 1. எட்டு முதல் பத்து வாரத்தில் பெரும்பாலோர் 30 நிமிடம் நிற்காமல் ஓடிவிடுவார்கள். நாற்பது தாண்டியவர், சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலி வரலாறு உள்ளவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும். இதைச் சொல்லச் சங்கடப்படக் கூடாது.

முதல் மூன்று வாரம் ஒரே ஆள் துணையாக இருப்பது முக்கியம். தினம் ஒருவர் வந்து தினம் ஒரு யோசனை சொன்னால் (குதிகால் ஊன்றாதே, கையை மடக்கு, மூக்கால் மூச்சு விடு) வந்தவர் ஓடுவதை விட்டுவிட்டு யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

எந்த நாள், எத்தனை மணி?

இங்கே சூரியன் ஜூன் தொடக்கத்தில் 6 மணியை ஒட்டியும், ஜனவரி கடைசியில் 6.40-ஐ ஒட்டியும் உதிக்கும். ஆண்டு முழுக்க ஐந்து மணி என்று வைத்தால் தை மாதத்தில் ஓட்டம் முழுக்க இருட்டிலேயே முடிந்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஐந்தரைக்குத் தள்ளிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் வைப்பது மற்ற ஊர் வழக்கம். இங்கே பாதிப் பேர் காலைத் திருப்பலிக்கோ ஆராதனைக்கோ போக வேண்டியவர்கள். ஆறரைக்கு முடியும்படி வையுங்கள், இல்லாவிட்டால் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலைதான் வேலை நேரம். அவர்களையும் சேர்க்க விரும்பினால் வாரத்தில் ஒரு மாலை ஓட்டம் வேண்டும். விசைப்படகில் போகும் தம்பிகள் மீன்பிடித் தடைக்காலத்தில் தவறாமல் வருவார்கள்: சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பிறகு அவர்கள் வராமல் போனால் ‘ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று பட்டியலில் இருந்து பெயரை எடுக்காதீர்கள். கடலுக்குப் போயிருப்பார்கள். நோன்பு மாதத்தில் இஸ்லாமிய நண்பர்களுக்கு, நோன்பு திறப்பதற்கு முன் அரைமணி நேரம் மெதுவான மாலை ஓட்டம் சிலருக்கு ஒத்துவரும். அவர்களிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள்.

கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களிலும் சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தின்போதும் அந்தப் பக்கச் சாலைகளை விட்டுவிடுங்கள்.

குழுவாக ஓட எந்தப் பாதை நல்லது?

நாகர்கோவில் – கன்னியாகுமரி பெரிய சாலை குழுவுக்கு ஆகாது. வெளியூர்ப் பேருந்துகளும் சூரிய உதயம் பார்க்கப் பறக்கும் வேன்களும் அந்த நேரத்தில்தான் வரும்.

சானல்கரைகள், அதாவது பாசனக் கால்வாய்க் கரைகள், நமக்குக் கிடைத்த வரம். சமதரை, நிழல், வண்டி குறைவு. ஆனால் கரை ஓரம் பாசி பிடித்திருக்கும், பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. மழைக்குப் பின் ஒற்றை வரிசை, இருட்டில் வேண்டவே வேண்டாம். தேரூர்க் குளக்கரைச் சாலையும் அருமை. சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலப் பறவைகள் இருக்கும்போது போனில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஓடுபவரைக் குழுவே அடக்க வேண்டும்.

சொத்தவிளை போன்ற கடற்கரையில் அலை வற்றிய நேரத்து ஈரமணலில் ஓடுங்கள். கரை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் வலிக்கும். பாதி தூரத்தில் திரும்பி வந்தால் சாய்வு இரண்டு காலுக்கும் சமமாகும். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கடற்கரை ஓட்டம் கிடையாது. காற்றே இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் ஏறி வரும் என்பதால் ‘பார்த்தால் நல்லாத்தானே இருக்கு’ என்ற வாதம் செல்லாது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியே அடிக்கும். காற்றை எதிர்த்து முதலில் ஓடி, காற்றோடு திரும்புங்கள். அதாவது ஆரல்வாய்மொழியில் புறப்பட்டுத் தோவாளை நோக்கிப் போய் வருவது. எதிர்காற்றில் திடகாத்திரமானவர் இருவர் முன்னே போக மற்றவர்கள் பின்னால் ஒதுங்கி ஓடலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாலிருப்பவர் மாற வேண்டும். விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தை அருகே வண்டி நெரிசல் இருக்கும், அதற்கு முன்னாலேயே திரும்பிவிடுங்கள்.

சாலையில் எப்படி வரிசையாக ஓடுவது?

எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வலது ஓரம். அதிகம் போனால் இருவர் இருவராக. முன்னாலிருப்பவர் ‘வண்டி!’ என்றதும் ஒற்றை வரிசை. குழி, கேபிள், தேங்காய் மட்டை எது கிடந்தாலும் கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், அது கடைசி ஆள்வரை போய்ச் சேர வேண்டும். இருட்டில் முதல் ஆளிடம் வெள்ளை டார்ச்சும் கடைசி ஆள் முதுகில் மினுக்கும் சிவப்பு விளக்கும், எல்லாருக்கும் ஒளி பிரதிபலிக்கும் ஜாக்கெட்டும். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு வருபவர் குழுவில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான்.

நாய் துரத்தினால்?

எல்லாரும் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும், நெருங்கிச் சேர்ந்து நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் தப்பித்து ஓடினால் நாய் அவரைத்தான் துரத்தும். கல்லெறிந்தால் மறுநாள் வரும் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வினை. கடித்தாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி. கூட ஒருவர் போகட்டும். தனியாக விட்டால் ‘சின்னக் கீறல்தானே’ என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

பெண்கள் தயக்கமின்றி வர என்ன செய்ய வேண்டும்?

முதல் நாளில் ஒரே ஒரு பெண்ணாக நிற்க நேரக் கூடாது. இருவராவது வருகிறார்களா என்று முந்தின இரவே உறுதிசெய்யுங்கள். கூடும் இடம் வெளிச்சமான, கடை திறந்திருக்கும், கழிப்பறை வசதியுள்ள இடமாக இருக்கட்டும். படம் எடுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டும், ஓட்டப் பாதை காட்டும் செயலியில் வீட்டு வாசல் தெரியாதபடி மறைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேட்காமல் தனிச் செய்தி அனுப்புபவரை ஒருமுறை எச்சரித்து, மறுமுறை நீக்கிவிடுங்கள். பாதை, நேரம் முடிவுசெய்பவர்களில் பெண்கள் இருந்தால் இந்தப் பட்டியலே தேவைப்படாது.

தண்ணீர், சாப்பாடு?

புறப்படும் முன் இரண்டு மட்டிப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். 45 நிமிடத்துக்குள் என்றால் நடுவில் குடிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஆளுக்கு அரை லிட்டர் வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராமல் வழியும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. வெறும் தண்ணீரை மூன்று நாலு லிட்டர் ஊற்றிக்கொள்வதும் ஆபத்து, உடம்பில் உப்பு குறைந்துவிடும். உப்புப் போட்ட மோரோ கஞ்சித்தண்ணியோ நல்லது. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் (பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர்) முழுதாகக் கரைக்க வேண்டும், பாதியைப் பாட்டிலில் தட்டிக் குலுக்கினால் அளவு கெடும்.

பிறகு டீக்கடை, அல்லது சுக்குக் காப்பி. இதை ஓட்டத்தின் பகுதியாகவே எண்ணுங்கள். கடைசி ஆள் வந்த பிறகுதான் முதல் டீ சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியைக் காப்பாற்றும் குழு பல வருடம் நிற்கும்.

ஓடும்போது ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால்?

யார் என்ன செய்வது என்று முன்பே பிரித்துவைக்க வேண்டும். ஒருவர் ஆளைப் பார்ப்பார், ஒருவர் 108-ஐ அழைத்து இடத்தைச் சொல்வார், ஒருவர் முக்குக்கு ஓடி நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டுவார். மற்றவர்கள் சுற்றி நிற்காமல் விலக வேண்டும்.

தடுமாற்றம், பேச்சுக் குளறல், சம்பந்தமில்லாத பதில் வந்தால் வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பக்கத்துக் கடையில் ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சர்க்கரை நோயாளி வேர்த்து நடுங்கினால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொடுங்கள். நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்து, அழைத்தால் அசையாமல், மூச்சும் இல்லாவிட்டால் உடனே நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை தளரும், அடுத்தவர் தயாராக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்து பழகுங்கள்.

வாட்ஸ்அப் குழு சண்டைக்களமாகிறதே?

இரவு 8 மணிக்குள் ‘வருகிறேன்’ என்று போட வேண்டும். போட்டவர் வரவில்லையென்றால் புறப்படும் நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். குழு ஐந்து நிமிடம் காத்திருக்கும், ஆறாவது நிமிடம் புறப்படும். குட்மார்னிங் படம், கட்சி, மதம், மருத்துவ ஃபார்வர்டு கிடையாது. ஓடிய நேரத்தைப் போடுபவர்கள் போடட்டும். ஆனால் அடுத்தவர் நேரத்தை ஒப்பிட்டுக் கிண்டல் செய்தால் அந்தச் செய்தியை அட்மின் நீக்க வேண்டும்.

போட்டி வேண்டுமா?

வேண்டும், அணியாக. நெடுந்தூர நாட்டோட்டப் (கிராஸ் கன்ட்ரி) போட்டிகளில் வழக்கமான கணக்கு இது: வந்த இடங்களைக் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகை உள்ள அணி ஜெயிக்கும். உலகப் போட்டியில் அணிக்கு ஆறு பேர் ஓடி முதல் நாலு பேர் கணக்கில் வருவார்கள். ஒரு அணி 1, 2, 9, 14-ஆம் இடங்கள் எடுத்தால் 26. இன்னொரு அணி 4, 5, 6, 7 எடுத்தால் 22, வெற்றி அவர்களுக்கு. முதல் இரண்டு பரிசையும் வாங்கிய அணி தோற்கும். இதை ஒருமுறை நடத்திப் பாருங்கள், அதுவரை நாலாவது ஆளைத் திரும்பிப் பார்க்காத வேகக்காரர் அவருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்குவார். தொடர் ஓட்டமென்றால் ஆளுக்கு 2.5 கி.மீ., கோலுக்குப் பதில் மணிக்கட்டில் மாட்டும் ரப்பர் வளையம். வேர்த்த கையில் கோல் நழுவும்.

சிவாலய ஓட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

நிறைய. சிவராத்திரியில் முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு கோயில் ஓட்டம் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். கையில் பனையோலை விசிறி, வாயில் ‘கோபாலா, கோவிந்தா’. அந்தக் கோஷத்தைக் கவனியுங்கள். முன்னவர் சொல்லப் பின்னவர் திருப்பிச் சொல்லும்போது மூச்சும் காலடியும் ஒரு சீருக்கு வரும், கூட்டத்தின் வேகம் யாராலும் சொல்லாமலே கட்டுப்படும். கத்த முடியாத வேகத்தில் யாரும் ஓட முடியாதல்லவா? வழியெல்லாம் ஊர்க்காரர்கள் மோரும் சுக்குநீரும் கஞ்சியும் தருவார்கள். நீண்ட தூரம் ஓடுகிற குழுவும் இதுபோல் 5 கி.மீ.க்கு ஓர் இடத்தில் ஓடாத உறுப்பினர் ஒருவரைத் தண்ணீரோடு நிறுத்தலாம்.

அதற்காக 5 கி.மீ. ஓடிப் பழகியவர் ஆர்வத்தில் அந்த ஓட்டத்தில் இறங்க வேண்டாம். நாலைந்து மாதம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

பண விஷயம்?

மாதம் 50 அல்லது 100 ரூபாய், ஒருவர் வாங்கி இன்னொருவர் கணக்கு எழுதி, மாதக் கடைசியில் குழுவில் போட்டுவிட வேண்டும். விளக்கு, முதலுதவி, தண்ணீர் கேன் தவிர வேறு எதற்கும் எடுக்காதீர்கள். டீ சர்ட் அடிப்பதை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் வையுங்கள். வாங்க முடியாதவர் அந்த வாரத்தோடு நின்றுவிடுவார், காரணமும் சொல்லமாட்டார்.

காலில் அடிபட்டு ஓட முடியாதவர் மெல்ல விலகிப்போகிறாரே?

வேலை கொடுங்கள். நேரம் குறிப்பது, சைக்கிளில் முன்னால் போய்த் திருப்பத்தில் நிற்பது, பைகளையும் சாவிகளையும் பார்த்துக்கொள்வது. கெண்டைக்கால் எலும்பு வலியோ குதிகால் வலியோ பெரும்பாலும் ஓட்டத்தைத் திடீரென்று கூட்டியதால் வருவது. திரும்ப வரும்போது வழக்கமான தூரத்தில் பாதியில் தொடங்கி, வாரத்துக்குப் பத்து சதவீதம்போல் ஏற்றட்டும். ஷூவின் அடியைப் பாருங்கள், 500 முதல் 800 கி.மீ. ஓடியிருந்தால் மாற்றும் நேரம். இரண்டு வாரம் ஒருவர் வரவில்லையென்றால் குழுவில் பொதுவாக ‘ஆளையே காணோமே’ என்று போடாதீர்கள். அவரோடு வழக்கமாக ஓடுபவர் போன் செய்யட்டும்.